பழைய வீட்டில் எந்த அறை?

கொச்சிக்குக் கிளம்புகிறவர்கள் எங்கள் ஸ்டாஃப் ரூமில் என்னிடம் கேட்பது, "டீச்சர், எந்த ஓட்டல்ல தங்கலாம்?" என்றுதான். பெயர் சொல்வதற்கு முன்னால் நான் இரண்டு விஷயம் கேட்பேன். எந்த மாதம் போகிறீர்கள்? கூட யார் வருகிறார்கள்? ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரிப் பக்கம் இருக்கிற சின்ன ஓட்டல்களில் இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல் எது நல்ல அறை என்று சொல்லவே முடியாது. ஓட்டலைத் தேடுவதற்கு ஒரு வாரம் செலவழிக்கிறார்கள். அறையை மட்டும் போட்டோவைப் பார்த்து அரை நிமிடத்தில் முடிவு செய்துவிடுகிறார்கள். எனக்கு அதுதான் மனசு கேட்பதில்லை. அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் பேசுவது புதிதாகக் கட்டிய பெரிய ஓட்டலைப் பற்றி இல்லை. அங்கே 204ம் 304ம் ஒரே அறைதான். ஆறு, எட்டு, பத்து அறை மட்டும் உள்ள, யாரோ ஒருவர் குடியிருந்த வீட்டையோ சரக்கு வைத்த பண்டகசாலையையோ ஓட்டலாக மாற்றிய இடங்களைச் சொல்கிறேன். போர்த்துகீசியர் இருந்த ஊர் அது. 1663ல் டச்சுக்காரர்கள் பிடித்தார்கள், 1795ல் இங்கிலீஷ்காரர்கள் கைக்குப் போனது. வந்தவர்கள் எல்லாரும் இருந்த வீட்டைக் கொஞ்சம் இடித்து, கொஞ்சம் சேர்த்து, ஜன்னலை அடைத்து, வேறு இடத்தில் கதவு வைத்தார்கள். அதற்கப்புறம் வந்த வியாபாரிகள் அவர்கள் பங்குக்கு மாற்றினார்கள். கடைசியாக ஓட்டல்காரர் வந்து அறைக்கு அறை குளியலறை கட்டினார். இத்தனை கை மாறிய வீட்டில் ஒரே மாதிரி இரண்டு அறை எப்படி இருக்கும்? முன்பதிவுத் தளத்தில் "டீலக்ஸ்", "ஹெரிடேஜ்" என்று இரண்டு வகையாகப் பிரித்துப் போட்டிருப்பார்கள். ஒரே வகைக்குள் இருக்கிற இரண்டு அறைகளுக்கு நடுவே இருக்கிற வித்தியாசம், இரண்டு வகைகளுக்கு நடுவே இருப்பதை விடப் பெரியதாக இருக்கும்.

"ஹெரிடேஜ்" என்ற சொல்லை வைத்து மயங்க வேண்டாம். மத்திய சுற்றுலாத் துறை ஹெரிடேஜ் ஓட்டல் என்று வகைப்படுத்துவது 1950க்கு முன் கட்டிய கட்டடங்களை. அந்த வகைப்பாட்டுக்குப் போகாத பழைய வீடுகளும் உண்டு, பழைய கதவு இரண்டை வாங்கி மாட்டிவிட்டு ஹெரிடேஜ் என்று போர்டு வைத்த புதுக் கட்டடங்களும் உண்டு. பழைய வீட்டுக்குப் பின்னால் புதிதாக ஒரு கட்டடம் எழுப்பி, முன்பக்கத்துப் படத்தைக் காட்டிப் பின்பக்கத்து அறையைத் தருவதும் நடக்கிறது. அதனால் நான் போனில் முதலில் கேட்பதே, "அந்த அறை பழைய வீட்டுக்குள்ளேயா, பின்னாடி புதுசா கட்டினதா?" என்பதுதான். பின்கட்டு அறை மோசம் என்று சொல்லமாட்டேன். வெந்நீர் சீக்கிரம் வரும், கதவு ஒழுங்காகச் சாத்தும். பழைய வீட்டில் தங்கவேண்டும் என்று காசு கொடுப்பவருக்குத்தான் அது ஏமாற்றம்.

ஓண விடுமுறைக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனபோது அறை பார்த்த கதையைச் சொல்கிறேன், அதிலேயே பாதி விஷயம் வந்துவிடும். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. இரண்டு முழங்காலிலும் வலி, மழைக்காலமானால் இளைப்பு. எங்கள் அப்பா லாரி ஓட்டியவர். பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு மட்டாஞ்சேரி பஜாருக்குப் போவார், திரும்பும்போது மிளகோ ஏலக்காயோ ஒரு பொட்டலம் கொண்டுவருவார். அந்த பஜாரை அம்மா பார்த்ததே கிடையாது. "உங்கப்பன் லோடு இறக்கின தெருவ ஒருக்கா பாத்துடணும் அம்மிணி" என்று கொஞ்ச காலமாகவே சொல்லிக்கொண்டிருந்தார். அதனால் கடற்கரைப் பக்கம் எவ்வளவு அழகான ஓட்டல் இருந்தாலும் எனக்கு வேண்டியிருந்தது கல்வத்திக்கும் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டுக்கும் பக்கத்தில் ஒரு இடம்.

ஒரு பழைய வியாபாரி வீடு கிடைத்தது. அந்தத் தெரு வீடுகளின் அமைப்பே தனி. கீழே சரக்கு, மேலே குடித்தனம். முன்வாசல் தெருவுக்கு, பின்வாசல் காயலுக்கு. படகில் வந்த சரக்கு பின்னால் ஏறி முன்னால் வண்டிக்குப் போகும். இந்த அமைப்பைப் புரிந்துகொண்டாலே அறையைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும். கீழ்த்தளம் மூட்டை அடுக்குவதற்காகக் கட்டியது. சுவர் தடிமன், ஜன்னல் சின்னது, வெயில் உள்ளே வராது. சித்திரையில் போனால் சொர்க்கம். ஆடி ஆவணியில் அதே அறையில் சுவர் ஈரம் குடித்து நிற்கும், காவித் தரை வியர்க்கும், அலமாரியைத் திறந்தால் பூசண வாடை அடிக்கும். மாடி மனிதர்கள் வாழ்வதற்காகக் கட்டியது. உயரமான கூரை, பெரிய ஜன்னல், பலகைத் தரை. அதற்கும் மேலே ஓட்டுக்கு அடியில் மச்சு. அது பழைய சாமான் போட்டுவைத்த இடம். இப்போது அதையும் அறையாக்கி, "அட்டிக் சூட்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

அன்றைக்கு மூன்று அறை காலியாக இருந்தது. கீழே முற்றத்தைப் பார்த்த அறை 3,200 ரூபாய். மாடியில் தெருப்பக்க மூலை அறை 4,500. மச்சில் காயல் தெரிகிற அறை 3,800. முழங்கால் வலிக்காரரைக் கூட்டிப் போகிறவர் யாரும் கண்ணை மூடிக்கொண்டு கீழ் அறையைத்தான் எடுப்பார்கள். விலையும் குறைவு. என் தங்கச்சிகூட அதைத்தான் எடுக்கச் சொன்னாள்.

நான் ஓட்டலுக்குப் போன் செய்தேன். எடுத்த பையன் நல்ல மாதிரி, அவசரப்படவில்லை. மலையாளத்தில் ஒவ்வொன்றாகக் கேட்டேன். குளியலறைக்குள் நுழைகிற இடத்தில் படி இருக்கிறதா? "ஒரு சின்னப் படி இருக்கு" என்றான். சின்னது என்றால் எவ்வளவு? அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. "ஒரு உபகாரம் செய்யப்பா. அந்தப் படிக்குப் பக்கத்துல உன் செருப்பை நிக்க வெச்சு ஒரு வீடியோ எடுத்து அனுப்பு" என்றேன். பத்து நிமிடத்தில் வாட்ஸ்அப்பில் வந்தது. செருப்பைச் செங்குத்தாக நிறுத்தியிருந்தான். படி கிட்டத்தட்ட செருப்பின் முழு உயரத்துக்கு இருந்தது. பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. மேல் விளிம்பில் வழவழப்பான டைல்ஸ்.

இந்தப் படி ஏன் வருகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. பழைய வீட்டில் அறைக்குள் குளியலறை கிடையாது. வீட்டுக்குப் பின்னால் தனியாகத்தான் இருக்கும். இப்போது அறைக்குள்ளே ஒன்று கட்டினால், கழிவுநீர்க் குழாய்க்கு வாட்டம் வேண்டும். பழைய தரையைத் தோண்டி வாட்டம் எடுப்பது கஷ்டம், செலவு. அதனால் குழாயைத் தரைமேல் போட்டு, அதை மூடிக் குளியலறையின் தரையை உயர்த்திவிடுகிறார்கள். அப்படித்தான் படி வருகிறது. ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் எழுந்து போகிற வயதானவருக்கு, வீட்டுப் படிக்கட்டைவிட இந்த ஒற்றைப் படி ஆபத்து. படிக்கட்டில் கவனமாகத்தான் ஏறுவார்கள், கைப்பிடியும் இருக்கும். இந்தப் படியை யாரும் எதிர்பார்ப்பதில்லை.

மாடி மூலை அறையில் குளியலறை எப்படி என்று கேட்டேன். அது முன்பு ஒரு சின்ன அறையாக இருந்ததாம், வெளிச்சுவரை ஒட்டி. குழாய் நேராக வெளியே போய்ச் சுவரோடு இறங்குகிறது. படி இல்லை, வாசலில் ஒரு விரல் உயரத்துக்குத் தடுப்பு மட்டும். மாடிப்படி எத்தனை? பதினாலு. அகலமா, செங்குத்தா? நடுவில் நின்று மூச்சு வாங்க இடம் இருக்கிறதா? பையன் இந்த முறை நான் கேட்காமலேயே கீழிருந்து மேல் வரைக்கும் ஏறிக்கொண்டே வீடியோ எடுத்து அனுப்பினான். அகலமான மரப்படி, இரண்டு பக்கமும் கைப்பிடி, நடுவில் திரும்புகிற இடத்தில் ஒரு பெஞ்சு. அம்மாவிடம் காட்டினேன். "இதுல ஏறிப்புடுவேன். ஒரு நாளைக்கு ரெண்டு தடவ தானே?" என்றார். இளைப்புக்கும் ஈரமில்லாத அறைதான் நல்லது. மாடியே முடிவானது.

மச்சு அறையைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் படத்தில் எல்லாரையும் இழுப்பது அதுதான். சாய்ந்த கூரை, மர உத்தரம், சின்ன ஜன்னலில் காயல், துறைமுகத்துக்குள் நுழைகிற கப்பல். எங்கள் வீடும் ஓட்டு வீடுதான், அதனால் ஓட்டைப் பற்றி எனக்குத் தெரியும். வெயில் நேரத்தில் ஓடு சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு சாயங்காலம் முழுக்க உள்ளே இறக்கும். உள்கூரை அடித்து ஏசி போட்டால் சூடு தாங்கும், ஆனால் உத்தரம் மறைந்துவிடும். அடிக்காமல் விட்டால் உத்தரம் தெரியும், ஏசி ராத்திரி முழுக்கத் திணறும். பல்லி, மரத்தூள், மழையில் தடதடவென்று சத்தம், எல்லாம் உண்டு. எனக்கு ஓட்டு மேல் மழை விழுகிற சத்தம் பிடிக்கும், அதைக் கேட்டுக்கொண்டேதான் வளர்ந்தேன். சென்னையிலிருந்து வருகிறவர் அதைத் தாங்குவாரா என்பது அவரவர் சங்கதி. மார்கழி, தை மாதத்தில் இளவட்டங்கள் இரண்டு பேர் போனால் மச்சைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். பங்குனி, சித்திரையில் வேண்டவே வேண்டாம். உயரமானவர் என்றால் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: கட்டில் எங்கே போட்டிருக்கிறார்கள், எழுந்து நின்றால் உத்தரம் தலையில் இடிக்குமா?

இன்னொரு விஷயம் பலகைத் தரை. மாடியில் இருப்பவர் நடந்தால் கீழே இருப்பவருக்குக் கேட்கும். மெதுவாக நடந்தாலும் கேட்கும். பலகைக்கு நடுவே விரிசல் இருந்தால் பேச்சே கேட்கும். முன்பு ஒரு தடவை வேறு ஒரு ஓட்டலில், பெயர் வேண்டாம், கீழ் அறையில் தங்கினோம். மேல் அறையில் சின்னப் பிள்ளைகளோடு ஒரு குடும்பம். பிள்ளைகள் ஓடத்தான் செய்வார்கள், அவர்களைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? நடு ராத்திரியில் அலுவலக அறையைத் தட்டி வேறு அறை கேட்டால் காலி இல்லை. அதிலிருந்து தூக்கம் முக்கியம் என்கிறவர்களுக்கு நான் சொல்வது: தலைக்கு மேலே யாரும் இல்லாத அறையாகக் கேளுங்கள். அது கிடைக்காவிட்டால் மேலே இருப்பது அறையா, வராந்தாவா, பெட்ஷீட் அடுக்குகிற இடமா என்றாவது கேளுங்கள்.

முற்றத்து அறை படத்தில் குளிர்ச்சியாக இருக்கும். நடுவில் மரம், ஊஞ்சல், தொட்டியில் மீன். அதே முற்றத்தில்தான் காலை டிபன் போடுவார்கள். ஏழு மணிக்கே தட்டுச் சத்தம் ஆரம்பித்துவிடும். ஜன்னலைத் திறந்தால் அப்பமும் கடலைக்கறியும் சாப்பிடுகிறவர் நம் கட்டிலைப் பார்ப்பார். அதனால் திரையை இழுத்துவிட்டு, பகலிலும் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்காரவேண்டியிருக்கும். ஜன்னல் உள்ள அறைக்கும், ஜன்னலைத் திறக்க முடிகிற அறைக்கும் வித்தியாசம் உண்டு. இன்னொரு ஓட்டலில் படத்தில் ஆளுயர ஜன்னல் இருந்தது. போய்த் திறந்தால் இரண்டடி தள்ளி அடுத்த கட்டடத்துச் சுவர், கீழே ஜெனரேட்டர்.

எனக்குக் காற்று முக்கியம். பாலக்காட்டுக் கணவாய் வாயில் பிறந்தவர்களுக்குக் காற்றில்லாத அறை ஆகாது. ஆடி மாதம் எங்கள் ஊரில் கதவைத் திறந்தால் சாத்த முடியாது. கொச்சியில் பகலில் மேற்கே கடலிலிருந்து காற்று வரும், ராத்திரியில் கரையிலிருந்து கடலுக்குத் திரும்பும். ஒரு பக்கம் மட்டும் ஜன்னல் இருந்தால் காற்று உள்ளே வந்து நின்றுவிடும், போக வழி இல்லை. இரண்டு பக்கமும் ஜன்னல் இருக்கிற மூலை அறைக்கு நான் ஆயிரம் ரூபாய் கூடக் கொடுப்பேன், மெத்தைக்கும் டிவிக்கும் கொடுக்கமாட்டேன். புனித பிரான்சிஸ் சர்ச்சுக்குப் போனபோது அம்மாவுக்கு மேலே தொங்குகிற துணி விசிறிகளைக் காட்டினேன். வெளியே நின்று ஒருவர் கயிற்றை இழுக்க, உள்ளே பூசை கேட்கிறவர்களுக்குக் காற்று வரும். வாஸ்கோ ட காமாவை 1524ல் புதைத்த கல் அந்தச் சர்ச்சில்தான் இருக்கிறது, எலும்பை அப்புறம் போர்ச்சுகலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். எல்லாரும் அந்தக் கல்லைச் சுற்றி நின்று போட்டோ எடுத்தார்கள். அம்மா விசிறியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "இழுத்தவனுக்கு ஆரு விசிறுனாங்களாம்?" என்று கேட்டார்.

சரி, ஓட்டலுக்குப் போய்ச் சேர்ந்ததும் என்ன செய்யவேண்டும்? பையை வராந்தாவிலேயே வைத்துவிட்டு அறையை ஒரு சுற்றுப் பார்ப்பது என் பழக்கம். அலமாரியைத் திறந்து மோந்து பார்ப்பேன். வெளிச்சுவரில் முழங்கால் உயரத்தில் கையை வைப்பேன். வெட்டுக்கல், அதாவது செம்பாறையில் வெட்டி எடுத்த கல், அதில் கட்டிய சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். அதற்குச் சுண்ணாம்புதான் பூசவேண்டும், ஈரம் வெளியே போய்விடும். சிமென்ட் பூசி, அதற்குமேல் பிளாஸ்டிக் பெயின்ட் அடித்துவிட்டால் ஈரம் உள்ளேயே சிக்கிக்கொண்டு, பெயின்ட் அப்பளம் மாதிரி உப்பும், வெள்ளையாக உப்புப் பூக்கும். உப்புப் பூத்த சுவரை ஒட்டிக் கட்டில் போட்டிருந்தால் இளைப்பு உள்ளவர்களைப் படுக்க வைக்காதீர்கள். அப்புறம் குழாயைத் திறந்து வெந்நீர் எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பார்ப்பேன். நிலத்தடி நீர் அங்கே உப்பு. சோப்பு நுரைக்காவிட்டால் கிணறோ போரோ என்று தெரிந்துவிடும், குடிக்க வேறு தண்ணீர் கேட்டுக்கொள்ளலாம். கடைசியாக ஏசி, ஃபேன் இரண்டையும் நிறுத்திவிட்டு, கதவைச் சாத்தி, ஒரு நிமிடம் சும்மா நிற்பேன். என்னென்ன சத்தம் வருகிறது என்று அப்போதுதான் தெரியும். கொசுவலையில் ஓட்டை இருக்கிறதா என்று அம்மா பார்த்துக்கொள்வார். கொச்சிக் கொசுவைப் பற்றி நான் தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

யாரிடம் விசாரிப்பது என்பதும் முக்கியம். மேனேஜருக்கு எல்லா அறையும் விற்கவேண்டும். அறை கூட்டுகிற அக்காவுக்குத்தான் எந்த அறையில் ஒழுகுகிறது, எங்கே எலி ஓடுகிறது, எந்த அறைக்காரர் மறுநாள் முகம் தெளிவாக எழுந்து வருகிறார் என்று தெரியும். அங்கே இருந்த அக்காவிடம், "உங்க அம்மா வந்தா எந்த ரூம்ல படுக்க வெப்பீங்க சேச்சி?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "மழை இல்லேன்னா கீழ. இப்போன்னா இதேதான். ஆனா கட்டிலை அந்தச் சுவரை விட்டு இந்தப் பக்கம் இழுத்துப் போடணும், அங்க காலைல வெயில் மூஞ்சில அடிக்கும்" என்றார். அவரே ஆளைக் கூப்பிட்டு இழுத்தும் போட்டார்.

அவர் விரித்த வெள்ளை விரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. மொடமொடவென்று, கஞ்சி போட்ட வாசனையோடு இருந்தது. எங்கே துவைக்கிறீர்கள் என்று கேட்டால், ஃபோர்ட் கொச்சியில் 'வெளி' என்கிற இடத்தில் இருக்கிற தோபி கானாவில் என்றார். அம்மாவை ஆட்டோவில் அங்கேயும் கூட்டிப்போனேன். டச்சுக்காரர்கள் காலத்தில் பட்டாளத்து உடுப்பு துவைக்கத் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து கொண்டுவந்த வண்ணார்களின் வம்சம். இன்றைக்கும் வரிசையாகக் கல்தொட்டிகள், ஆளுக்கு ஒன்று. காயப்போடுகிற இடத்தில் கிளிப்பே இல்லை. இரண்டு கயிற்றை முறுக்கிக் கட்டி, முறுக்குக்கு நடுவே துணியின் முனையைச் செருகிவிடுகிறார்கள். எந்தக் காற்றுக்கும் பறக்காது. கரி போட்டுத் தேய்க்கிற இஸ்திரிப் பெட்டியும் இருக்கிறது. அங்கே ஒரு பெரியவர் அம்மாவோடு தமிழில் பேச ஆரம்பித்து, எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்து, நாங்கள் கிளம்பவே நேரமாகிவிட்டது. மெஷினில் துவைத்த விரிப்பா, இங்கே துவைத்ததா என்று ஓட்டலில் கேட்பது எனக்கு இப்போது பழக்கமாகிவிட்டது. இந்த வேலை நிலைக்கவேண்டும் என்றால் ஓட்டல்கள் இவர்களுக்குத் துணி கொடுக்கவேண்டும். ஓட்டல்கள் கொடுக்கவேண்டும் என்றால் தங்குகிறவர்கள் கேட்கவேண்டும்.

தெருப்பக்க அறை எடுத்தால் சத்தம் இருக்காதா என்று நீங்கள் கேட்பது நியாயம். இருந்தது. விடியற்காலை பாங்கு, அப்புறம் ஆட்டோ, அப்புறம் லாரி. வெயிலில் பஜார் ரோட்டுக்குள் லாரி நுழைந்து திரும்புவதே ஒரு வித்தை. நீலச் சட்டை போட்ட சுமட்டுத் தொழிலாளிகள் மூட்டையைத் தலைமேல் வாங்கி இறக்குவதை அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். டீ ஆறிப்போனது. "இந்த வளைவுல எப்பிடி வண்டிய திருப்புனாரோ" என்று மட்டும் சொன்னார். தூங்கவேண்டும் என்று வருகிறவருக்கு அந்த அறையை நான் சிபாரிசு செய்யவே மாட்டேன். அம்மாவுக்கு அந்த வீட்டிலேயே அதைவிட நல்ல அறை இல்லை.

காசு விஷயம். 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு ராத்திரிக்கு 7,500 ரூபாய் வரைக்கும் உள்ள அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்குமேல் போனால் 18. விலை அந்த எல்லையை ஒட்டி இருந்தால் இரண்டு அறைக்கும் நடுவே உள்ள உண்மையான வித்தியாசத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கரண்ட் போனால் ஜெனரேட்டரா, இன்வெர்ட்டரா என்றும் கேளுங்கள். சின்ன ஓட்டலில் இன்வெர்ட்டர் என்றால் பெரும்பாலும் ஃபேனும் விளக்கும்தான் ஓடும், ஏசி ஓடாது. இரண்டு பக்க ஜன்னல் அப்போது கைகொடுக்கும்.

போகிற வழி சுலபம். பாலக்காட்டில் ரயில் ஏறி எர்ணாகுளத்தில் இறங்கினால், படகுத்துறையிலிருந்து அரசுப் படகு இருக்கிறது. இப்போது வாட்டர் மெட்ரோவும் ஃபோர்ட் கொச்சிக்குப் போகிறது. பாலம் சுற்றி டாக்சியில் போவதைவிடப் படகில் போவது எல்லா விதத்திலும் நல்லது, வயதானவர்களுக்கும்தான். நாளைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்று பாருங்கள். மட்டாஞ்சேரி அரண்மனை வெள்ளிக்கிழமை திறக்காது. யூதர்களின் சினகாக் வெள்ளி மதியத்துக்கு மேலும் சனிக்கிழமையும் கிடையாது. 1568ல் கட்டியது அது. தரையில் பதித்த சீனத்து நீலக் கற்களைப் பார்க்காமல் திரும்பினால் மனசு ஆறாது. வெள்ளி, சனி என்று லீவு போட்டுப் போகிறவர்கள் இரண்டில் ஒன்றையாவது தவறவிடுகிறார்கள், வாரக்கடைசி வாடகையும் கொடுக்கிறார்கள். ஞாயிறு மதியம் போய்ச் சேர்ந்து செவ்வாய் கிளம்புகிற மாதிரி வைத்துக்கொண்டால் நல்ல அறைகள் காலியாக இருக்கும், விலையும் இறங்கும். டிசம்பர் கடைசி வாரம் கார்னிவல். 31ம் தேதி நடு ராத்திரி பாப்பாஞ்சி என்கிற பெரிய கிழவன் பொம்மையை எரிக்கிறதைப் பார்க்கக் கூட்டம் தெருவை அடைத்துக்கொள்ளும், வண்டி நகராது. அதைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் பொம்மையை எரிக்கிற மைதானத்துக்குப் பக்கத்திலேயே, நடந்தே திரும்ப முடிகிற இடத்தில், மாதக் கணக்கில் முன்னாடியே அறை சொல்லிவையுங்கள். பெரியவர்களைக் கூட்டிப்போவதாக இருந்தால் பொங்கல் கழித்துப் போங்கள்.